நோட்டில் 40 பாகை, பலகையில் 40 பாகை: எது பெரிது?

ஆறாம் வகுப்பு அம்மா · ஞாயிறு இரவு 9.10

வணக்கம். கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது என் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டும்.

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டில் 40 பாகைக்கு ஒரு கோணம் வரைந்திருந்தாள். கோணத்தின் கைகள், அதாவது அதன் கோடுகள், இரண்டும் மூன்று சென்டிமீட்டர்தான். சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் அதே 40 பாகையை முழ நீளக் கைகளோடு நான் வரைந்து, "எது பெரிய கோணம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, பலகையைக் காட்டினாள். கோணமானியை வைத்துக் காட்டினேன். இரண்டும் 40. "அப்படியென்றால் கோணமானிதான் சரியில்லை" என்கிறாள்.

அதோடு விட்டாளா? தாத்தாவின் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து நோட்டின் மேல் பிடித்து, "இதோ, இப்போது பெரிதாகிவிட்டது" என்கிறாள். அவளுடைய அப்பாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிக்கிறார். "கோணம் என்பது விரிவு, நீளம் இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். சொன்ன எனக்கே அது போதவில்லை. எப்படிப் புரியவைப்பது?


செங்கல் · ஞாயிறு இரவு 9.42

அம்மா, நான் கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன். உங்கள் மகளை ஒரு நாள் கடைக்கால் போடும் இடத்துக்கு அழைத்து வாருங்கள்.

மூலைமட்டம் பார்க்க நாங்கள் 3, 4, 5 பிடிப்போம். ஒரு பக்கக் கயிற்றில் 3 அடியில் குறி, மறு பக்கத்தில் 4 அடியில் குறி, இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி. 6, 8, 10 பிடித்தாலும் அதே மூலைதான். 9, 12, 15 பிடித்தாலும் அதேதான். கயிற்றை எவ்வளவு நீட்டினாலும் மூலை மாறாது. மாறினால் நாட்டில் ஒரு வீடும் நிற்காது.

ஆனால் உங்கள் மகளும் முழுக்கத் தவறு இல்லை. வேலை தெரிந்த கொத்தனார் 3, 4, 5 பிடிக்க மாட்டார். இடம் இருந்தால் 9, 12, 15தான் பிடிப்பார். 5 அடி டேப்பில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பிசகினால், மூலை கால் பாகை கெட்டுப்போகும். 40 அடிச் சுவர் எழுப்பினால் அந்தக் கோடியில் இரண்டு அங்குலம் வெளியே போயிருக்கும். அதே ஒரு நூல் பிசகு 15 அடி டேப்பில் நடந்தால், 40 அடிச் சுவர் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். மூலை ஒன்றுதான். பெரிதாகப் பிடித்தால் பிசகு குறைகிறது, அவ்வளவுதான்.


குறுக்குக்கேள்வி · ஞாயிறு இரவு 10.05

பூதக்கண்ணாடிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தொலைநோக்கி விற்பவர்கள் "பத்து மடங்கு" என்று அட்டையில் போடுகிறார்கள். எதைப் பத்து மடங்கு ஆக்குகிறது என்று கேட்டால் "கோணத்தை" என்பதுதான் பாடப்புத்தகத்துப் பதில். கண்ணாடி கோணத்தைப் பெரிதாக்காது என்றால் அது என்ன கணக்கு? குழந்தை சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.


கண்ணாடிக்கடை · ஞாயிறு இரவு 10.31

நண்பரே, இரண்டு கோணங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஒன்று, தாளில் வரைந்த மூலை. மற்றது, அந்தப் படத்தின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் ஒளி கண்ணில் வந்து சேரும்போது ஏற்படும் கோணம். பூதக்கண்ணாடி இரண்டாவதைத்தான் கூட்டும். படம் முழுவதும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருக்கும்போது, மூலை மட்டும் எப்படி விரியும்? விரிந்தால் சதுரம் சதுரமாகவே தெரியாது.

குழந்தையிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தாளைச் சரியான சதுரமாக வெட்டி அதன் மூலையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கட்டும். 90 பாகை மூலை நான்கு மடங்கு ஆனால் 360 ஆகி, மூலையே இல்லாமல் போக வேண்டும். போகிறதா?

என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். கண் பரிசோதனைப் பலகையில் எழுத்தின் அளவை மில்லிமீட்டரில் யாரும் நினைப்பதில்லை, கோணத்தில்தான் நினைக்கிறோம். 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இயல்பான பார்வைக்குரிய 6/6 வரியைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த எழுத்தின் உயரம் உங்கள் கண்ணில் 5 கலை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு கலை பருமன். நல்ல கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய அதுதான். இடம் இல்லாத கடைகளில் பலகையை நோயாளிக்குப் பின்னால் மாட்டி, எதிரே 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைப்போம். கண்ணாடியும் இல்லையென்றால், எழுத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சடித்த பலகை. எழுத்து பாதி, தூரம் பாதி, கோணம் அதே 5 கலை. நோயாளிக்கு வித்தியாசமே தெரியாது.


வான்நோக்கி · ஞாயிறு இரவு 11.15

கண்ணாடிக்கடை ஐயா சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். பலகையின் உச்சியில் தனியாக இருக்கும் 6/60 எழுத்து 50 கலை உயரம் வரும். முழுநிலவு எவ்வளவு தெரியுமா? சராசரியாக 31 கலை. நிலா பூமியை நெருங்கும்போது முப்பத்து மூன்றரை, விலகும்போது இருபத்தொன்பதரைக்குச் சற்றுக் கீழே. அதாவது கண் பரிசோதனையில் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கும் அந்தப் பெரிய எழுத்தைவிட வானத்து நிலா சிறியது.

நம்பாதவர்கள் ஒரு ரூபாய் நாணயத்தை எடுங்கள். குறுக்களவு 22 மில்லிமீட்டர். கையை நீட்டிப் பிடித்தால் அது நிலாவைப்போல நான்கு மடங்கு அகலம். நாணயமும் நிலாவும் சமமாகத் தெரிய வேண்டுமானால், அதை உங்களிடமிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அடிவானத்தில் தட்டுப்போல எழும் சித்திரா பௌர்ணமி நிலாவும் அதே அரைப் பாகைதான். உச்சிக்கு வந்த பிறகு "சிறுத்துவிட்டது" என்பது நம் மூளை செய்யும் வேலை. உண்மையில் அடிவானத்தில் இருக்கும்போது அது பூமியின் ஆரத்தின் அளவுக்கு நம்மிடமிருந்து கூடுதல் தொலைவில் இருக்கிறது. எனவே அளந்தால் ஒரு துளி சிறியதாகத்தான் வரும்.

அம்மா, உங்கள் மகளின் நோட்டுக் கோணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. முனையை உங்கள் கண்ணில் வையுங்கள். ஒரு கை நிலாவின் இந்த ஓரத்துக்கு, இன்னொரு கை அந்த ஓரத்துக்கு. கைகளின் நீளம் 3,84,000 கிலோமீட்டர். கோணம் அரைப் பாகை. சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் ஒரு நிமிடத்தில் திரும்பும் கோணமும் அதே அரைப் பாகைதான்.


செங்கல் · திங்கள் காலை 5.50

அரைப் பாகை என்றதும் தூக்கம் போய்விட்டது. வான்நோக்கி தம்பி, குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட நாங்கள் விடும் வாட்டம் "அடிக்கு ஒரு நூல்". ஓர் அடியில் 96 நூல். 96க்கு 1 சரிவு என்றால் எத்தனை பாகை?


பஞ்சாங்கம் · திங்கள் காலை 6.20

மேஸ்திரி, அதற்குக் கணிப்பான்கூட வேண்டாம். 3,438 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை 96ஆல் வகுத்தால் 36 கலை வருகிறது. நிலாவைவிட 5 கலைதான் அதிகம். நீங்கள் தினமும் ஒரு நிலாவைத் தரையில் பதித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

எங்கிருந்து வந்தது இந்த எண் என்று கேட்பீர்கள். ஒரு வட்டத்தில் 360 பாகை, அதாவது 21,600 கலை. வட்டத்தின் சுற்றளவு 21,600 என்று வைத்தால் அதன் ஆரம் 3,438. ஆரியபட்டரின் ஜ்யா (வில்லுக்குரிய அரைநாண், இன்றைய சைன்) அட்டவணை இந்த ஆரத்தை வைத்துத்தான் போடப்பட்டது. காலம் 499. வில்லையும் ஆரத்தையும் ஒரே கோலால், கலையால், அளந்தார்கள். அதில் ஓர் அழகு இருக்கிறது. அட்டவணையின் முதல் படி 225 கலை, அதாவது மூன்றே முக்கால் பாகை. அதற்கு அவர் தரும் ஜ்யாவும் 225. சிறிய கோணத்தில் வில்லும் நேர்கோடும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் மேஸ்திரியின் சரிவை நேராக வகுத்தே கலையாக்க முடிந்தது. 45 பாகைக் கூரைக்கு இந்த வித்தை பலிக்காது.

பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்குப் பாகை, கலை, விகலை எல்லாம் தினசரிச் சோறு. ஒரு ராசி 30 பாகை. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. அதில் ஒரு பாதம் 3 பாகை 20 கலை. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே 12 பாகை விலகல். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை என்பதால் பூமி ஒரு நாழிகையில் 6 பாகை சுழலும். கடிகாரத்துப் பெரிய முள் 6 பாகையை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அவ்வளவு அவசரம் அதற்கு.


குறுக்குக்கேள்வி · திங்கள் காலை 8.02

நிலாவும் குளியலறையும் ஒன்று என்றால், என் வீட்டுக் குளியலறையில் மட்டும் ஏன் தண்ணீர் தேங்குகிறது? கட்டியவர் "வாட்டம் விட்டிருக்கிறேன்" என்று சத்தியம் செய்கிறார்.


செங்கல் · திங்கள் காலை 8.30

ஓர் அடி ஓட்டுக்கு வாட்டமே ஒரு நூல்தான் ஐயா. ஓடு பதிப்பவர் ஒரு மூலையில் சிமெண்டுப் பாலைக் கூடக் கொட்டி ஒரு நூல் உயர்த்திவிட்டால், அந்த ஓட்டுக்கு உரிய வாட்டம் அத்தனையும் காலி. ரசமட்டத்தை ஓட்டின் மேல் வைக்காதீர்கள், அது பொய் சொல்லும். ஆறு அடி மட்டக்கோலின் மேல் வைத்துப் பாருங்கள். நேற்று சொன்ன 9, 12, 15 கதைதான் இதுவும்.


மலைப்பாதை · திங்கள் மதியம் 1.15

சரிவு பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஊட்டி ரயில் கல்லாறு தாண்டியதும் பற்சக்கரத்தில் ஏறுமே, அது 30, 35 பாகை இருக்காதா? போன மாதம் போய் வந்தோம், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.


தியோடலைட் தாத்தா · திங்கள் மதியம் 3.40

35 பாகையில் ரயில் ஏறினால் நீங்கள் இருக்கையில் அல்ல, பின்பக்கக் கதவில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பாதையின் மிகக் கடுமையான சரிவே 12க்கு 1. பஞ்சாங்கம் ஐயா சொன்ன எண்ணை 12ஆல் வகுத்துப் பாருங்கள்: 286 கலை, அதாவது 4 பாகை 46 கலை. ஐந்து பாகைகூட இல்லை.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போடும் சாய்தளத்துக்கு விதிமுறை சொல்லும் உச்சச் சரிவும் 12க்கு 1தான். ஒரே கோணம். ஒன்றில் சக்கர நாற்காலி ஏறுகிறது, மற்றதில் பற்சக்கரம் இல்லாமல் எஞ்சின் ஏறாது. நாற்காலிக்கு ரப்பர் சக்கரம், சிமெண்டுத் தரை, நாலு தப்படித் தூரம். ரயிலுக்கு வழுவழுப்பான இரும்பின் மேல் இரும்பு, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் பெட்டிகள், மைல் கணக்கில் ஏற்றம். கோணத்தை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மேட்டைப் பார்க்கும் கண் எப்போதும் மிகைப்படுத்தும். நாற்பது வருடம் அளந்த எனக்கும் அப்படித்தான். சதவீதத்தில் எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். 12க்கு 1 என்பது 8.33 சதவீதம். அதைப் பாகை என்று படித்துவிடுவார்கள். 100 சதவீதச் சரிவு செங்குத்து அல்ல, 45 பாகை.

நான் நில அளவையில் சேர்ந்த காலத்தில் கையில் கொடுத்தது வெர்னியர் தியோடலைட், அதாவது தொலைநோக்கி பொருத்திய கோணம் அளக்கும் கருவி. 20 விகலை வரை படிக்கலாம். 20 விகலை என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளி 10 சென்டிமீட்டர். முதல் வருடமே ஒரு பாடம் படித்தேன். வட்டத்தில் 20 கலைக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். வெயிலில் கண் கூசி ஒரு கோட்டைத் தாண்டிப் படித்துவிட்டேன். 20 கலை, நிலாவில் முக்கால்வாசிகூட இல்லை. 300 மீட்டர் தள்ளி நட்ட எல்லைக்கல் ஒன்றே முக்கால் மீட்டர் நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து வயல்காரர் மோர் கொடுத்து உபசரித்தார். இந்தப் பக்கத்துக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.


மலைப்பாதை · திங்கள் மாலை 4.05

ஐந்து பாகைகூட இல்லையா! என் மனைவியிடம் சொல்லப்போவதில்லை.


குறுக்குக்கேள்வி · திங்கள் இரவு 8.50

எல்லாரும் "கைகள் நீண்டாலும் கோணம் மாறாது" என்று அடித்துச் சொல்கிறீர்கள். ஒரு முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180. சிறியதோ பெரியதோ, மாறாது. சரிதானே? இப்போது வட துருவத்தில் நின்றுகொண்டு, ஒன்றுக்கொன்று 90 பாகையில் இரண்டு நேர்கோடுகளைப் பூமத்திய ரேகை வரை இழுங்கள். அங்கே இரண்டும் ரேகையைச் செங்குத்தாகச் சந்திக்கும். 90, 90, 90. கூட்டினால் 270. முக்கோணத்தைப் பெரிதாக்கினேன், கோணம் வளர்ந்துவிட்டது. என்ன சொல்கிறீர்கள்?


கண்ணாடிக்கடை · திங்கள் இரவு 9.12

இதற்குத் தாத்தாதான் வர வேண்டும்.


தியோடலைட் தாத்தா · செவ்வாய் காலை 5.30

குறுக்குக்கேள்வி ஐயா, உங்களை எங்கள் துறையில் சேர்த்திருக்க வேண்டும். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அளவு மாறினால் கோணம் மாறாது என்பது தட்டையான தாளுக்குத்தான் பொருந்தும். உருண்டையின் மேல் பொருந்தாது.

எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி. பூமியின் மேல் வரையும் முக்கோணத்தின் பரப்பு ஏறக்குறைய 197 சதுர கிலோமீட்டர் ஆகும்போது, மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிட ஒரு விகலை கூடும். நோட்டில் வரைந்த முக்கோணத்துக்கு அதைத் தேடுவது வீண். ஊர் அளவுள்ள முக்கோணத்துக்கும் அப்படித்தான். முப்பது கிலோமீட்டர் பக்கங்கள் உள்ள முக்கோணம் என்றால் இரண்டு விகலை. வெர்னியர் கருவியின் கண்ணுக்கு இரண்டு விகலை தெரியாது. எனவே எனக்கு வாழ்நாள் முழுவதும் பூமி தட்டைதான்.

ஆனால் அந்த இரண்டு விகலையைக் கணக்கில் எடுத்தவர்கள் சென்னையிலிருந்துதான் கிளம்பினார்கள். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை, அதாவது முதல் முக்கோணத்தின் அடிப்பக்கத்தை, சங்கிலி வைத்து அளந்தார். அதற்குப் பிறகு நீளத்தை அளப்பது எப்போதாவதுதான். மற்றதெல்லாம் கோணம். மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டே போனார்கள். அவருடைய தியோடலைட் அரை டன் எடை, அதன் வட்டத்தின் குறுக்களவு மூன்று அடி. ஏன் அவ்வளவு பெரியது? ஆறாம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கோணமானியில் ஒரு பாகை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூன்றடி வட்டத்தில் ஒரு பாகை 8 மில்லிமீட்டர். ஒரு கலையே மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். அதை நுண்ணோக்கி வைத்து விகலை விகலையாகப் பிரித்துவிடலாம். கோணத்தைப் பெரிதாக்க முடியாது, கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அகலப்படுத்தலாம்.

1808இல் அந்தக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி கல்லில் மோதி வட்டம் நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அந்த வட்டத்தைத் தாமே தட்டி இழுத்து மறுபடி வட்டமாக்கினார். விகலையை அளக்கும் பித்தளையைச் சுத்தியால் நிமிர்த்துவது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.


யாழ் காற்று · செவ்வாய் மாலை 6.20

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா. இரண்டு நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு ஓர் இலகுவான பயிற்சி சொல்கிறேன்.

கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால், அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய ஒரு பாகை, நிலாவைப்போல் இரு மடங்கு. யாழ்ப்பாணத்தின் அட்சரேகை 9 பாகை 40 கலை. பூமத்திய ரேகைக்கு வடக்கே எந்த ஊரிலும் துருவ நட்சத்திரம் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குத்தான் அடிவானத்துக்கு மேலே நிற்கும். எங்கள் கடற்கரையில் வடக்கே பார்த்து, அடிவானத்தில் முட்டியை வைத்தால், அதன் மேல் விளிம்பிலேயே நட்சத்திரம். மதுரைக்கும் அதே ஒரு முட்டிதான். சென்னைக்கு ஒன்றேகால் முட்டி. டொரோண்டோவில் இருக்கும் என் மாமாவுக்கு நான்கு முட்டி, இன்னும் கொஞ்சம்.

இதில் பாகையைத் தூரமாகவும் மாற்றலாம். வடக்குத் தெற்காக ஒரு பாகை 111 கிலோமீட்டர். ஒரு கலை ஒரு கடல்மைல். எங்கள் மீனவர்களின் கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி கலையில்தான் பேசும். ஒரு விகலை 31 மீட்டர், ஒரு படகுத்துறையின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் எங்கள் படகுத்துறை ஒரு விகலை.


குறுக்குக்கேள்வி · செவ்வாய் மாலை 6.45

முட்டி ஆளுக்கு ஆள் மாறும். என் முட்டி பெரியது.


யாழ் காற்று · செவ்வாய் மாலை 6.58

உங்கள் கையும் நீளமாக இருக்கும், ஐயா.


வான்நோக்கி · செவ்வாய் இரவு 10.40

மேலே யாழ் காற்று போட்ட ஒற்றை வரிதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதில்.

சிறிய கோணங்களின் பக்கம் கொஞ்சம் போய்வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி வருவதற்கு முன்பு டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே வெறுங்கண்ணால், பெரிய பெரிய கருவிகளை வைத்து, ஏறக்குறைய ஒரு கலை வரை அளந்தார். கண்ணாடிக்கடை சொன்ன அதே எல்லை. அவருடைய செவ்வாய்க் கிரகக் கணக்கைக் கையில் வைத்திருந்த வானியலாளர் கெப்ளருக்கு, வட்டப்பாதை 8 கலை இடித்தது. நிலாவில் கால் பங்கு. வேறொருவர் அளந்திருந்தால் "அளவைப் பிழை" என்று விட்டிருப்பார். டைக்கோ 8 கலை தவறமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். வட்டத்தைத் தூக்கி எறிந்தார், நீள்வட்டம் வந்தது.

பெரிதாகக் கட்டினால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம் ஒன்று நிற்கிறது. அதில் நிழல் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வது கண்ணுக்கே தெரியும். ஆனால் சூரியனே அரைப் பாகை அகலம். அதனால் நிழலின் ஓரம் கூர்மையாக விழாது, பத்து சென்டிமீட்டருக்கும் மேல் மங்கலாக விரிந்து கிடக்கும். கருவி வளர வளர மங்கலும் வளர்கிறது. அங்கே அளப்பவர்கள் ஒரு நூலையோ குச்சியையோ நிழலின் ஓரத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

விகலைக்குக் கீழே போவோம். ஒரு ரூபாய் நாணயத்தை நாலரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அது ஒரு விகலை. 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் முதன்முதலாக ஒரு விண்மீனின் தூரத்தைக் கண்டபோது அளந்தது சுமார் 0.3 விகலை. பூமி சூரியனின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும்போது அந்த விண்மீன் அசைந்ததில் பாதி அது. சூரியனுக்கு அடுத்து மிக அருகில் உள்ள விண்மீனுக்கே முக்கால் விகலைதான்.

2019 ஏப்ரலில் வெளியான கருந்துளைப் படம் நினைவிருக்கிறதா, ஆரஞ்சு நிற வளையம்? எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருப்பது. அந்த வளையத்தின் அகலம் ஒரு விகலையைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் 42 பங்கு. நிலாவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து இங்கிருந்து பார்ப்பதுபோல. அதை எப்படிப் பிடித்தார்கள்? கொத்தனார் முறைதான். ஹவாய், சிலி, ஸ்பெயின், மெக்சிகோ என்று வானொலித் தொலைநோக்கிகளைப் பரப்பி, பூமியின் அகலத்தையே கருவியின் அகலமாக்கினார்கள். 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தை அந்த அகலத்தால் வகுத்தால், பிரித்தறியக்கூடிய கோணம் கிடைத்துவிடும். 3, 4, 5 பிடிக்காமல் 9, 12, 15 பிடிக்கும் மேஸ்திரி அங்கேயும் இருந்திருக்கிறார்.


செங்கல் · புதன் காலை 6.05

கருந்துளைக்கு என் கயிறா! தளத்தில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் கூலியை ஏற்றச் சொல்" என்கிறார்கள்.


ஆறாம் வகுப்பு அம்மா · புதன் இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சதுரத் தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மூலை மூலையாகவே இருந்தது. "சரி, கண்ணாடி கோணத்தைப் பெரிதாக்கவில்லை" என்று அரைமனத்தோடு ஒப்புக்கொண்டாள். பலகைக் கோணம் பெரிது என்பதை மட்டும் விடவில்லை. பிறகு யாழ் காற்று தம்பி சொன்ன முட்டியைச் செய்தோம். மொட்டை மாடியில் கிழக்குப் பக்கம் ஒரு கைப்பேசிக் கோபுரம் தெரியும். அவள் அப்பா கையை நீட்டி அளந்தார், ஒன்றரை முட்டி. அவள் அளந்தாள், ஒன்றரை முட்டி. "எப்படி? என் முட்டி சின்னது" என்றாள். அப்பாவின் தோளிலிருந்து முட்டி வரை டேப்பால் அளந்தாள், பிறகு தன் கையை அளந்தாள், முட்டிகளின் அகலத்தையும் அளந்தாள். நான்கு எண்களையும் நோட்டில் எழுதி வகுத்துப் பார்த்தாள். அதன் பிறகு அவளாகவே போய்ப் பலகையில் இருந்த கோணத்துக்குள் தன் சிறிய கோணத்தை முனையோடு முனை பொருத்தி வரைந்தாள். கைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. எதுவும் பேசவில்லை. கோணமானியைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இப்போது புதிய கேள்வி வந்திருக்கிறது. மாடியில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பைக் காட்டி, "எறும்புக்கு நிலா எவ்வளவு பெரிதாகத் தெரியும்? அதற்குப் பூமியே பெரியது, அப்படியானால் நிலா இன்னும் பெரிதாக இருக்குமா?" என்கிறாள்.


வான்நோக்கி · புதன் இரவு 9.15

எறும்புக்கும் அதே அரைப் பாகைதான், அம்மா. முனை எறும்பின் கண்ணில் இருந்தாலும் உங்கள் கண்ணில் இருந்தாலும், மறு கோடியில் நிலாவின் ஓரங்கள் அதேதானே.

ஆனால் அது பார்க்குமா என்பது வேறு. எறும்பின் கண் பல சிறு கண்ணறைகளின் கூட்டு. ஒவ்வொரு கண்ணறையும் சில பாகை அகலத்தை ஒரே புள்ளியாகத்தான் வாங்கும். முழுநிலவு அதில் ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும். வட்டம், முயல், களங்கம் எதுவும் கிடையாது. வெளிச்சமாக ஒரு புள்ளி.


குறுக்குக்கேள்வி · புதன் இரவு 9.40

எறும்புக்கு முட்டி எத்தனை பாகை?


செங்கல் · வியாழன் காலை 5.45

முதலில் அதன் கையை அளந்து சொல்லுங்கள், ஐயா. உங்கள் குளியலறையில் ஆறு அடி மட்டக்கோல் வைத்துப் பார்த்தீர்களா?


குறுக்குக்கேள்வி · வியாழன் காலை 7.10

பார்த்தேன். கதவோரத்தில் இரண்டு ஓடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.